தொட்டி பார்க்க வந்த சம்பந்தி

தொட்டியில் ஊற்றிய முதல் குடம் தண்ணீர் இரண்டு நிமிடம் நின்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காணாமல் போயிற்று. இரண்டாவது குடம் அந்த மரியாதையைக்கூடக் காட்டவில்லை.

தங்கவேல் குப்புறப் படுத்து, தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். ஒரு தவளை உட்கார்ந்து எழுந்து போன அளவுக்கு அடியில் ஈரம் இருந்தது.

"ரெண்டு கொடத்தயும் பாழாக்கிட்டியேடா பாவி" என்றாள் அவனைப் பெற்ற வேம்புலியம்மாள். "அர மைல் நடந்து தூக்கியாந்த தண்ணி. ரெண்டு நாளிக்கி சோறு வடிச்சிருப்பேன்."

"நாளிக்கி பத்து மணிக்கு அவங்க வராங்கம்மா. தொட்டி ஓட்டையா இல்லியான்னு தெரிஞ்சிக்க வேணாமா?"

"இப்ப தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிச்சி."

"இன்னா தெரிஞ்சிச்சி?"

"ஓட்ட."

தங்கவேலுக்கு முப்பத்தொரு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினான். தலையில் முடி இருந்தது, கையில் வேலை இருந்தது, முகப்பேரில் சொந்த வீடு இருந்தது. தண்ணீர்தான் இல்லை. ஏரியைத் தூர்த்துப் போட்ட மனை என்று சொல்லித்தான் விற்றார்கள். ஏரி போகும்போது தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்பதை மட்டும் பத்திரத்தில் எழுதவில்லை. வீடு கட்டியபோது ஆசை ஆசையாக வாசலில் ஒரு தொட்டி வெட்டினான். மொட்டை மாடியில் கறுப்பு பிளாஸ்டிக் டேங்க் ஒன்றை ஏற்றினான். இரண்டும் ஆறு வருடமாகத் தண்ணீரைப் பார்த்ததில்லை. கைப்பம்பை அடித்தால் காற்று வரும். கோடையில் அதுவும் சூடாக வரும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தப் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளையின் பல்லைப் பார்ப்பதில்லை, பம்பைப் பார்த்தார்கள். தங்கவேல் வீட்டுக்கு ஐந்து சம்பந்தங்கள் வந்தன. ஐந்து பேரும் காப்பி குடித்தார்கள். எழுந்து போய் பம்பை ஒரு அடி அடித்தார்கள். "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். பம்பு மட்டும் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டது.

ஆறாவதாக வந்ததுதான் அயனம்பாக்கம் கன்னியப்பனுடைய இரண்டாவது பெண் வடிவு. பெண் பார்க்கப் போனபோது அவள் வீட்டார் எல்லோரும் அவனுடைய சம்பளத்தைக் கேட்டார்கள். பஜ்ஜித் தட்டை நீட்டிய வடிவு மட்டும் அவன் விரலைப் பார்த்து, "இன்னா வெட்டு? மெசின்லயா? வலிக்குதா?" என்று கேட்டாள். அது வெட்டு விழுந்து ஒரு மாதம் ஆன விரல். அன்றிலிருந்து அவனுக்கு உடம்பில் எல்லா இடமும் வலித்தது.

கல்யாணத் தரகர் பால்ராஜ் பூந்தமல்லியிலிருந்து பஸ் பிடித்து வந்து எச்சரித்திருந்தார்.

"கன்னியப்பன் நல்ல மனுசன் தங்கவேலு. நெலம் கீது, கெணறு கீது, ரெண்டு லாரி ஓடுது. ஒரே ஒரு கிறுக்கு. மாப்ள ஊட்ல மொதல்ல தண்ணியதான் பாப்பாரு. நானே மூணு எடம் கூட்டிகினு போனேன். தொட்டி மூடிய தொறக்கச் சொன்னாரு. எட்டிப் பாத்தாரு. மூஞ்சி சுருங்கிப் பூட்ச்சி. துண்ட ஒதறித் தோள்ல போட்டுகினு எழுந்துட்டாரு."

"மூணு எடத்துலயுமா?"

"மூணு எடத்துலயும். பாவம், அவரையும் கொற சொல்ல முடியாது. பெரிய பொண்ண காஞ்சிபுரத்துக்கு அப்பால குடுத்துட்டு, பொங்கலுக்குச் சீர் எடுத்துகினு போறதோட சரி. இவளயாவது கிட்டத்துல குடுக்கணும்னு ஆச. கிட்டத்துல கீற மாப்ள நீ ஒருத்தன்தான் பாக்கி."

ஆகவே சனிக்கிழமை முழுக்கத் தங்கவேல் தொட்டிக்குள்ளேயே இருந்தான். சிமெண்டைக் குழைத்து விரிசலில் அப்பினான். அதன்மேல் தார் பூசினான். தாருக்கு மேல் நம்பிக்கை பூசினான். சிமெண்டு காய மூன்று நாள் ஆகும் என்று மூட்டையிலேயே அச்சடித்திருந்தது. அவனிடம் இருந்தது பதினாறு மணி நேரம்.

டீக்கடையில் தண்ணீர் லாரிக்குச் சொல்லிவைத்தான். சொன்னால் வரும். யார் லாரி, எந்த ஊர்க் கிணறு என்று அந்த நாளில் யாரும் கேட்பதில்லை. வந்தாலே கும்பிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு லாரி வந்தது. ஓட்டி வந்தவர் பெயர் மதுரைவீரன். மீசை அவருக்கு முன்னால் இறங்கியது, அவர் பிறகு இறங்கினார்.

"இன்னா நைனா, ஊட்ல விசேசமா?"

"பொண்ணு ஊட்லேருந்து வராங்க அண்ணாத்தே. தொட்டி பாக்க."

"தொட்டியயா? மாப்ளைய?"

"அத அப்பால பாப்பாங்க."

"ஊருக்கு ஒருத்தரு கீறாங்கப்பா இப்பிடி" என்று சொல்லிக்கொண்டே குழாயைத் தொட்டிக்குள் விட்டார் மதுரைவீரன்.

"தண்ணி உப்பு அடிக்காதே?"

"உப்பா? எங்க மொதலாளி ஒவ்வொரு லோடும் உள்ளங்கையில வாங்கி ருசி பாத்துட்டுதான் லாரிய உடுவாரு. பெத்த புள்ளய பள்ளிக்கூடத்துக்கு அனுப்புற மாரி அனுப்புவாரு. கேக்கிறான் பாரு உப்புன்னு!"

தொட்டி விளிம்புவரை நிறைந்தது. தங்கவேல் குனிந்தான். தன் தொட்டியில் தன் முகம் தெரிவதை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தான். மாப்பிள்ளைக் களை இருப்பதாகவே பட்டது. பிறகு அந்த முகம் மெள்ளக் கீழே போகத் தொடங்கியது.

"அண்ணாத்தே! ஒன்போதரைக்கு இன்னொரு லோடு!" என்று கத்திக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடினான். ஜன்னல் வழியாக ஒரு கை வெளியே வந்து அசைந்தது. அது சரி என்பதா, டாட்டாவா என்று தெரியவில்லை.

எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு அலறல் கேட்டது.

பக்கத்து வீட்டு அன்னம்மாள் தினமும் பல் விளக்கும்போது பழக்கத்தினால் தன் வீட்டுக் கைப்பம்பை நாலு அடி அடிப்பாள். ஆறு வருடமாக அது அவளுக்கு வெறும் தேகப்பயிற்சி. அன்றைக்கு நாலாவது அடியில் பம்பு ஒரு செருமல் செருமியது. பிறகு யானை துதிக்கையால் பீய்ச்சுவதுபோல அவள் மூஞ்சியிலேயே தண்ணீரைக் கொட்டியது.

"ஆத்தா வந்துட்டா! ஆத்தா கண்ணத் தொறந்துட்டா!"

அவள் வீட்டுப் பம்பு மதில் சுவருக்கு அந்தப் பக்கம். தங்கவேலின் தொட்டி மதில் சுவருக்கு இந்தப் பக்கம். நடுவில் நாலடி மண். அந்த மண் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது.

பத்து நிமிடத்தில் தெருவே திரண்டது. சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நாற்பது பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றன. பம்பின் கைப்பிடிக்கு மஞ்சள் பூசி, மூக்கில் ஒரு எலுமிச்சம்பழத்தைச் செருகினார்கள். எலுமிச்சம்பழம் தண்ணீரை மறிக்கவே, பயபக்தியோடு பிடுங்கித் தலையில் வைத்தார்கள். ஒருத்தர் மாற்றி ஒருத்தர் அடித்தார்கள்.

தங்கவேல் ஒரு தென்னங்குச்சியைத் தொட்டியில் விட்டு அளந்தான். அங்கே நாலு குடம் நிறைந்தால் இங்கே ஒரு விரல் குறைந்தது. லேத்தில் நூல் பிசகாமல் வேலை செய்கிறவன் கணக்கு, தப்பாது. பத்து மணிக்குத் தொட்டியில் தார் மட்டும்தான் மிஞ்சும்.

மதில் மேல் எட்டிப் பார்த்தான். "அன்னம்மாக்கா, கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுக்கா."

"ஆத்தாவ நிறுத்தச் சொல்றியா? கண்ணு அவிஞ்சிடும்டா!"

"அதுக்கு இல்லக்கா. ஒரேயடியா அடிச்சா ஆத்தாவுக்கு அசதியா இருக்காதா?"

"ஆறு வருசம் சொம்மாதான குந்தினு இருந்தா? இப்ப வேல செய்யட்டும்."

உண்மையைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. தொட்டி ஓட்டை என்று இந்தத் தெருவில் சொன்னால், சொன்னவன் வாயை மூடுவதற்குள் அயனம்பாக்கத்தில் கேட்கும்.

திரும்பினால் வேம்புலியம்மாள் இடுப்பில் குடத்தோடு மூச்சு வாங்க வந்து, தொட்டியில் சளக்கென்று ஊற்றினாள்.

"இன்னாம்மா பண்ற?"

"தொட்டி கொறயுதுல்ல? அன்னம்மா பம்புலேருந்து புடிச்சியாந்து ஊத்தறேன். இதோட பத்து கொடம் ஆச்சி. நீ குந்து, நான் பாத்துக்கறேன்."

எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ஒரு படம் உண்டு. கடலிலிருந்து அம்புக்குறி மேகத்துக்குப் போகும், மேகத்திலிருந்து மலைக்கு, மலையிலிருந்து ஆற்றுக்கு, ஆற்றிலிருந்து திரும்பக் கடலுக்கு. அது எவ்வளவு நாள் ஆகிற சங்கதி! இங்கே பதினைந்தடி இடத்தில், ஐந்து நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று அந்தப் படம் முழுதாக நடந்துகொண்டிருந்தது. மேகம் இருக்கவேண்டிய இடத்தில் அம்மா இருந்தாள், முழங்கால் வலியோடு.

அப்போதுதான் தங்கவேலுக்குத் தொட்டித் தண்ணீரை மாடி டேங்குக்கு ஏற்றுகிற மோட்டார் ஞாபகம் வந்தது. கீழே இருந்தால்தானே பூமி குடிக்கிறது? மேலே ஏற்றிவிட்டால்? மேல் டேங்க் நிறைந்து வழிந்தால், அந்த வழிகிற குழாய் நேராகத் தொட்டியில் வந்து விழுகிற மாதிரி வீடு கட்டும்போதே வைத்திருந்தான். பார்க்கிறவர்களுக்கு மேலேயும் தண்ணீர், கீழேயும் தண்ணீர், நடுவே அருவி!

சுவிட்சைப் போட்டான். ஆறு வருடம் தூங்கிய மோட்டார் முதலில் உறுமியது, பிறகு இருமியது, பிறகு ஒரு கரப்பான் குடும்பத்தை வெளியேற்றிவிட்டு ஓடத் தொடங்கியது. கால் மணி நேரத்தில் மாடியிலிருந்து தண்ணீர் இறங்கித் தொட்டியில் விழுந்தது. பாதித் தொட்டிதான். ஆனால் நுரை, இரைச்சல், சாரல் எல்லாம் சேர்ந்து குற்றாலம்போல இருந்தது.

நிறம்தான் கொஞ்சம் சிவப்பு. துரு என்று நினைத்துக்கொண்டான். பிளாஸ்டிக் டேங்க்கில் துரு ஏது என்று யோசிக்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. வாசலில் டாக்சி வந்து நின்றுவிட்டது. மணி ஒன்பதேகால்தான் ஆகியிருந்தது.

முன்சீட்டிலிருந்து பால்ராஜ் இறங்கினார். பின்னாலிருந்து கன்னியப்பனும் அவர் மனைவி பார்வதமும் இறங்கினார்கள். பழத்தட்டு, பூத்தட்டு எல்லாம் டாக்சியிலேயே இருந்தன. பிடித்தால்தான் இறக்குவது.

"வாங்க மாமா, வாங்க அத்தே. குந்துங்க, காப்பி..."

"காப்பி கெடக்கட்டும் தம்பி. தொட்டி எங்க?" என்றார் கன்னியப்பன்.

மூடியைத் திறந்தான். கன்னியப்பன் எட்டிப் பார்த்தார். உள்ளே தண்ணீர் கொப்புளித்துக்கொண்டிருந்தது. அவர் முகம் வெயிலில் வைத்த வெற்றிலைபோல ஓரத்திலிருந்து சுருங்கத் தொடங்கியது.

தங்கவேல் அவசரமாக மூடியைச் சாத்தினான். பாதித் தொட்டி போதவில்லை!

"இது சொம்மா கீழ்த்தொட்டி மாமா. மேல ஒண்ணு கீது. பாருங்க இந்தக் கொழாய!" என்று முற்றத்துக் குழாயைத் திருகினான். தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. கன்னியப்பன் உள்ளங்கையைக் குழித்து வாங்கி ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். சப்புக்கொட்டினார்.

"புளி" என்றார்.

மறுபடி சப்புக்கொட்டினார்.

"மொளகா" என்றார்.

பார்வதமும் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். "பெருங்காயம் போட்டு எறக்கினா ரசம்" என்றாள்.

பதினாலாவது குடத்தோடு வந்த வேம்புலியம்மாள் அதைக் கேட்டுக் குடத்தை நழுவவிட்டாள். மகன் காதருகே வந்து, "பாவி, டேங்க்லயாடா தண்ணி உட்ட? வருசத்துப் புளியும் மொளகாயும் அதுலதான்டா கொட்டி வச்சிருந்தேன். இந்த ஊட்ல எலி ஏறாத எடம் அது ஒண்ணுதான!" என்று பல்லைக் கடித்தாள்.

"மண்ணோட கொணம் மாமா" என்றான் தங்கவேல் சத்தமாக. "ஜீரணத்துக்கு நல்லது."

கன்னியப்பன் இன்னொரு வாய் குடித்துப் பார்த்தார். "அது சரி. ஆனா புளிக்கு அடியில ஒரு ருசி கீது. இத நான் எங்கியோ குடிச்சிருக்கேன்."

யோசிக்க விட்டால் ஆபத்து என்று தங்கவேல் அவரை மதில் ஓரமாக இழுத்துக்கொண்டு போனான். "இங்க எட்டிப் பாருங்க மாமா. இந்தத் தெரு பூராவும் எங்க ஊட்டுத் தண்ணிதான்."

அன்று காலையில் அவன் சொன்ன ஒரே உண்மை அது.

கன்னியப்பன் பார்த்தார். நாற்பது குடம், கற்பூரம், எலுமிச்சம்பழம், பம்பைக் கட்டிக்கொண்டு அழுகிற அன்னம்மாள். அவர் முகம் இன்னும் சுருங்கியது.

"வத்தவே வத்தாதா தம்பி?"

"வத்தாது மாமா."

"சித்திர, வைகாசியில?"

"அப்பதான் ஜாஸ்தி."

"லாரித் தண்ணி வாங்கினதே இல்லியா?"

"லாரியா? எங்க தெருவுல லாரி பூந்ததே கெடையாது மாமா. லாரின்னா எப்பிடி இருக்கும்னு எங்கம்மாவ கேட்டுப் பாருங்க, தெரியாது."

வேம்புலியம்மாள் தெரியாது என்று தலையாட்டினாள்.

கன்னியப்பன் பெருமூச்சு விட்டார். துண்டை எடுத்து உதறினார். தோளில் போட்டார்.

"பால்ராஜு, கெளம்பலாம்."

"ஏங்க, இன்னாங்க கொற?" என்று பதறினார் பால்ராஜ். "இதுக்கு மேல தண்ணிக்கு எங்கங்க போவேன்? கடல்லதான் மாப்ள தேடணும்!"

"ஒரு கொறயும் இல்ல. பையன் தங்கமாட்டம் கீறான். பொண்ணுக்கும் புடிச்சித்தான் கீது" என்றார் கன்னியப்பன். "நமக்குக் குடுத்து வக்கல."

தங்கவேலுக்குத் தொட்டிக்குள் குதித்துவிடலாம் போல இருந்தது. குதித்தாலும் முழங்கால் வரைக்கும்தான் நனையும். பார்வதம் டாக்சியின் கதவைத் திறந்து, இறக்காத தட்டை உள்ளே தள்ளி வைத்தாள்.

அப்போது தெருமுனையில் ஹாரன் கேட்டது. பாம், பாம் என்று தண்ணீர் லாரி வந்து, டாக்சியின் முதுகை முட்டுகிற மாதிரி நின்றது. மதுரைவீரன் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு குதித்தார்.

"நைனா! ஒன்போதர லோடு! அதுக்குள்ள காலியா? தொட்டி ஒழுகுதா இன்னா?" என்று கத்தியவர், வாசலில் நிற்கிறவரைப் பார்த்ததும் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டார். "மொதலாளி! நீங்க இங்க?"



"வீரா" என்றார் கன்னியப்பன் மெதுவாக. "லோடு இந்த ஊட்டுக்கா?"

"ஆமா மொதலாளி. காலைல ஏழு மணிக்கே ஒண்ணு ஊத்தினேன். அம்புட்டும் பூமிக்குள்ள பூட்ச்சி போல."

"அப்ப அது நம்ம கெணத்துத் தண்ணியா? அதான பாத்தேன், அந்த ருசி!" என்றவர் திரும்பி, "இவங்க ஊட்ல தண்ணி இல்லியா?" என்று கேட்டார்.

"இந்தத் தெருவுலயே கெடையாது மொதலாளி. பம்ப மூணு பேரு நின்னு அடிச்சா மூணு பேருக்கும் வேர்க்கும். அதான் வர்ர தண்ணி."

தங்கவேல் கன்னியப்பன் காலடியில் உட்கார்ந்துவிட்டான். இனி மறைக்க ஒன்றும் இல்லை.

"மன்னிச்சிடுங்க மாமா. எங்க ஊட்ல சொட்டுத் தண்ணி கெடையாது. தொட்டி ஓட்ட. டேங்க்ல புளி. பக்கத்து ஊட்டு பம்புல வரது ஆத்தா இல்ல மாமா, நான்தான். உங்க பொண்ணு என் வெரலப் பாத்து வலிக்குதான்னு கேட்டிச்சி. அதான் இம்மாம் பொய் சொல்லிட்டேன்."

மதிலுக்கு அந்தப் பக்கம் பம்பு அடிக்கிற சத்தம் சட்டென்று நின்றது. கற்பூரத்தை யாரோ ஊதி அணைத்தார்கள்.

கன்னியப்பன் குனிந்து அவனைப் பார்த்தார். பிறகு அந்த வெற்றிலை முகம், தண்ணீர் தெளித்ததுபோல, ஓரத்திலிருந்து விரியத் தொடங்கியது.

"சொட்டுக்கூட கெடையாதா தம்பி?"

"கெடையாது மாமா."

"கெணறு வெட்டினா வரும்னு எதுனா..."

"எரநூறு அடி போர் போட்டுப் பாத்துட்டாங்க மாமா. பொகதான் வந்திச்சி."

"குடும்பம்னு ஆனா வாரத்துக்கு எத்தினி லோடு ஆவும்?"

"ரெண்டு. தொட்டி ஒழுகறதால மூணு."

"அந்தத் தொட்டிய அடைக்காத" என்று கண்டிப்பாகச் சொன்னார் கன்னியப்பன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பார்வதம், தட்ட எறக்கு!" என்று கூவினார்.

பால்ராஜ் வாயைப் பிளந்தார். வேம்புலியம்மாள் எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளே காப்பிக்கு ஓடினாள். தங்கவேல் ஒன்றும் புரியாமல் எழுந்து, குழாயை மாட்டிக்கொண்டிருந்த மதுரைவீரன் பக்கத்தில் போனான்.

"இன்னா அண்ணாத்தே இது? லோடு விக்கவா பொண்ணக் குடுக்கறாரு?"

"அட போ நைனா, நீ ஒரு ஆளு" என்றார் மதுரைவீரன். "பெரிய பொண்ணு ஊட்ல கெணறு, வாய்க்கா எல்லாம் ரொம்பி வழியுது, காரணமில்லாம சம்பந்தி ஊட்டு வாசல்ல போயி நிக்கக் கூடாதேன்னு வருசத்துக்கு ஒரு தபாதான் அந்தப் பொண்ணு மூஞ்சிய பாக்குறாரு மனுசன், இங்கன்னா வாரத்துக்கு மூணு தபா என் லாரில கிளீனர் சீட்ல ஏறிக் குந்திகினு வந்துடலாமே!"